மதில் இல்லாத நகரம்

கோட்டைகளின் கதை – 11: ஐதராபாத், 1685–1687

முகம்மது குலி குதுப் ஷா 1591இல் ஐதராபாத்தைக் கட்டியபோது அதற்கு மதில் எழுப்பவில்லை. சார்மினாரை நடுவில் நிறுத்தி, அதிலிருந்து நான்கு திசைக்கும் பெருவீதிகள் விட்டு, வீதியோரம் கடைகளும் அவற்றுக்குப் பின்னால் தோட்டங்களும் மாளிகைகளும் வைத்தார்கள். மதில் தேவைப்படாததற்குக் காரணம், மேற்கே 8 கிலோமீட்டர் தொலைவில் இருந்த கோல்கொண்டா. பழைய தலைநகரம் அதுதான். அங்கே இடநெருக்கடி முற்றிப்போனதால் மூசி ஆற்றின் தென்கரையில் புது ஊர் எழுந்தது. ஆற்றைக் கடக்க 1578இல் இப்ராகிம் குதுப் ஷா கட்டிய பாலம் இருந்தது. இன்று அதைப் புராணா புல் என்கிறார்கள். பணம் நகரத்தில் புரளும், காவல் கோட்டையில் இருக்கும் என்பது ஏற்பாடு. அமைதிக் காலத்துக்கு அது வசதிதான். போர் வந்தால் அரசரும் கஜானாவும் கோட்டைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள, நகரம் வெளியே நிற்கும். இரண்டு முறை அப்படித்தான் நடந்தது. மூன்றாம் முறை கோட்டையே போயிற்று.

இன்றைய ஐதராபாத்தை வைத்து அன்றைய ஊரை அளக்க முடியாது. கிழக்கே நாச்சாரம் தொழிற்பேட்டையில் பஸ் ஏறுகிறவர் கோல்கொண்டா போய்ச் சேர 20 கிலோமீட்டருக்கு மேல் கட்டடங்களுக்கு நடுவிலேயே போக வேண்டும். 17ஆம் நூற்றாண்டில் அந்தப் பக்கமெல்லாம் வயலும் ஏரியும் கருங்கல் பாறையுமாகக் கிடந்த நாட்டுப்புறம். நகரம் என்றால் சார்மினாரைச் சுற்றிய ஊர். அதன் வடக்கே ஆறு. ஆற்றுக்கு அப்பால் ஹுசேன் சாகர் ஏரி. எந்தத் திசையிலிருந்து படை வந்தாலும் தடுக்க ஒரு சுவர் இல்லை.

குதுப் ஷாகிகளின் அரசு பாமினி சுல்தான்களின் ஆட்சி உதிர்ந்த காலத்தில், 1518 வாக்கில், பிறந்தது. பாரசீகத்தின் ஹமதான் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த சுல்தான் குலி, தெலங்கானாவுக்கு ஆளுநராகிப் பிறகு தனி அரசரானார். வந்தவர்கள் மண்ணோடு ஒட்டிக்கொண்டார்கள். இப்ராகிம் குதுப் ஷாவைத் தெலுங்குப் புலவர்கள் தங்கள் வாய்க்கு வந்தபடி ‘மல்கிபராமுடு’ என்று அழைத்துப் பாடினார்கள். அவர் மகன் முகம்மது குலி தக்கணி உருதுவில் கவிதை எழுதினார். செல்வத்துக்குக் குறைவில்லை. கிருஷ்ணைக் கரையில் கொல்லூர் வைரச் சுரங்கம், கடற்கரையில் மசூலிப்பட்டினம் துறைமுகம், உள்நாட்டில் நெசவு. கொல்லூருக்கு நேரில் போய்வந்த பிரெஞ்சு நகை வணிகர் தவேர்னியே, அங்கே அறுபதாயிரம் பேர் வேலை செய்ததாக எழுதினார். எண்ணிக்கை கொஞ்சம் தாராளமாகவே இருக்கலாம். ஐரோப்பாவின் பேராசையைக் கிளறிவிட அது போதுமானதாக இருந்தது.

தெற்கே இந்த அரசு தமிழ் மண்ணுக்குள்ளும் நீண்டிருந்தது. 1640களில் தளபதி மீர் ஜும்லா கிழக்குக் கரையோரமாக இறங்கிவந்து நாடு பிடித்தார். பூந்தமல்லியும் காஞ்சிபுரமும் கோல்கொண்டாவின் ஆளுகைக்குள் வந்தன. சென்னையில் கோட்டை கட்டி உட்கார்ந்திருந்த ஆங்கிலேயர்கள் ஆண்டுக்கு 1,200 வராகன் குத்தகை கட்டியது கோல்கொண்டாவுக்குத்தான்.

முதல் அடிக்கும் இந்த மீர் ஜும்லாவே காரணம். பாரசீகத்தில் எண்ணெய் வணிகர் ஒருவருக்குப் பிறந்து, வைர வணிகத்தில் பெரும் பணக்காரராகி, அரசரைவிடப் பெரிய ஆளாக வளர்ந்துவிட்டவர். அப்துல்லா குதுப் ஷாவுக்கு அவர்மேல் சந்தேகம் வந்தது. 1655 நவம்பரில் அவருடைய மகன் முகம்மது அமீனைக் குடும்பத்தோடு சிறைபிடித்தார். மீர் ஜும்லா மொகலாயர் பக்கம் சாய்ந்தார். தக்காணத்தில் மொகலாய ஆளுநராக இருந்த இளவரசர் ஔரங்கசீப் இப்படி ஒரு சாக்குக்காகவே காத்திருந்தார். 1636லேயே அப்துல்லா ஷாஜகானுக்குப் பணிந்து, ஆண்டுக்கு 2 லட்சம் வராகன் கப்பம் கட்ட ஒப்புக்கொண்டிருந்தார். அந்தக் கப்பமும் பாக்கி நின்றது.

1656 ஜனவரியில் ஔரங்கசீப்பின் மகன் முகம்மது சுல்தான் குதிரைப்படையோடு ஹுசேன் சாகர் கரையில் வந்து நின்றார். அப்துல்லா முந்தின இரவே கோல்கொண்டாவுக்கு ஓடியிருந்தார். நகரத்துக்குள் நுழையப் படைக்கு எந்தத் தடையும் இருக்கவில்லை. அரண்மனைகளும் பண்டக சாலைகளும் கொள்ளை போயின. பிறகு ஔரங்கசீப்பே வந்து கோட்டையை வளைத்தார். அப்துல்லாவின் தாய் ஹயாத் பக்ஷி பேகம் மொகலாயப் பாசறைக்கு நேரில் போய் மகனுக்காக மன்றாடினார். டில்லியிலிருந்து ஷாஜகானின் ஆணை வந்ததால் மார்ச் 30ஆம் தேதி முற்றுகை விலகியது. ஒரு கோடி ரூபாய் தண்டமும் ஒரு மகளைக் கொடுத்துச் சம்பந்தமுமாக அப்துல்லா தப்பினார். ஔரங்கசீப்புக்கு இதில் ஆறாத மனக்குறை. கைக்கெட்டியது வாய்க்கெட்டவில்லை.

இதிலிருந்து கோல்கொண்டா கற்றுக்கொண்ட பாடம் விசித்திரமானது. சூறையாடப்பட்டது நகரம்; பலப்படுத்தப்பட்டது கோட்டை. பீரங்கிகள் எந்தக் குன்றிலிருந்து தொல்லை தந்தனவோ அந்தக் குன்றையே வளைத்துப் புதுக் கோட்டைச் சுவர் எழுந்தது; நயா கிலா என்று அதற்குப் பெயர். பலவீனமாகத் தெரிந்த இடத்தில் மூசா புருஜ் என்னும் பெரிய கொத்தளம் எழுந்தது. வெளிமதிலின் சுற்றளவு 4 மைலுக்கு மேல்; அதில் 87 கொத்தளங்கள், ஒவ்வொன்றும் 50, 60 அடி உயரம்; எட்டு வாசல்கள். சில கற்கள் ஒரு டன்னுக்கும் மேல் எடை. கீழ்வாசலில் கை தட்டினால் குன்றின் உச்சியில் இருக்கும் பாலா ஹிசாரில் கேட்கும் என்று இன்றும் வழிகாட்டிகள் தட்டிக் காட்டுகிறார்கள். உண்மையாகவே கேட்கிறது. நகரத்துக்கோ ஒரு செங்கல் வைக்கப்படவில்லை.

அப்துல்லா 1672இல் இறந்தபோது பட்டத்துக்கு வந்தவர் அவருடைய மருமகன் அபுல் ஹசன். தானா ஷா என்ற பெயரில்தான் மக்கள் அவரை நினைவு வைத்திருக்கிறார்கள். ஷா ராஜு என்ற சூஃபி துறவியின் சீடராக இளமையைக் கழித்தவர். அரசியலில் பெரிய நாட்டம் இல்லாதவர். நிர்வாகத்தை மாதண்ணா, அக்கண்ணா என்ற இரண்டு தெலங்கானாப் பிராமணச் சகோதரர்களிடம் ஒப்படைத்தார். மாதண்ணா முதலமைச்சரானார். பத்ராசலத்தில் ராமருக்குக் கோயில் கட்ட அரசுப் பணத்தைச் செலவழித்துச் சிறைப்பட்ட கோபண்ணா, அதாவது ராமதாசு, இவர்களுக்கு மருமகன் முறை என்பது ஆந்திர மரபு. சென்னையில் ஆங்கிலேயர்களை ஆட்டிப்படைத்த பூந்தமல்லி அதிகாரி பொதிலி லிங்கப்பாவும் இந்த ஆட்சியின் ஆள்தான்.

1677இல் சிவாஜி ஐதராபாத்துக்கு வந்தார். மாதண்ணாவின் ஏற்பாட்டில் விருந்தும் ஒப்பந்தமும் முடிந்தன. கோல்கொண்டாவின் பண உதவியோடு தெற்கே இறங்கிய சிவாஜி அதே ஆண்டில் செஞ்சியைப் பிடித்தார். மொகலாயரை எதிர்க்கத் தக்காண அரசுகள் ஒன்றுசேர வேண்டும் என்பது மாதண்ணாவின் கணக்கு. கணக்கில் தப்பில்லை. ஆனால் ஒரு பிராமணர் முதலமைச்சராக இருப்பதும், மராட்டியருக்குப் பணம் போவதும், இதற்குள் பேரரசராகியிருந்த ஔரங்கசீப்புக்குப் போர் அறிக்கை எழுதத் தேவையான வாசகங்களை அப்படியே எடுத்துக் கொடுத்தன.

1685இல் ஔரங்கசீப் பீஜப்பூரை முற்றுகையிட்டிருந்தார் (சென்ற பகுதி). அப்போது மொகலாயப் பாசறையில் இருந்த தம் தூதருக்கு அபுல் ஹசன் எழுதிய கடிதம் இடைமறிக்கப்பட்டது. பீஜப்பூருக்கு உதவியாக 40,000 பேரை அனுப்பப்போவதாக அதில் இருந்தது. ஔரங்கசீப் தம் மகன் ஷா ஆலமைப் பெரும்படையோடு ஐதராபாத் நோக்கி அனுப்பினார். வழியில் மால்கேட் அருகே கோல்கொண்டாப் படை மறித்தது. இரண்டு மாதத்துக்கு மேல் மழைக்கும் சேற்றுக்கும் நடுவே இரு தரப்பும் இழுபறியாக நின்றன. அந்த இழுபறியை உடைத்தது சண்டை அல்ல. கோல்கொண்டாவின் தலைமைத் தளபதி மீர் முகம்மது இப்ராகிம் மேல் சக தளபதிகளுக்குச் சந்தேகம். அவரைப் பிடிக்க உத்தரவு என்று செய்தி. அவர் அக்டோபரில் மொகலாயர் பக்கம் போய்விட்டார். படை கலைந்தது.

செய்தி அரண்மனைக்கு எட்டிய இரவிலேயே அபுல் ஹசன் கோல்கொண்டாவுக்குக் கிளம்பினார். யாரிடமும் யோசனை கேட்கவில்லை. கையில் எடுத்துப்போக முடிந்ததை எடுத்துக்கொண்டார். அரசர் போய்விட்டார் என்று தெரிந்ததும் ஊரே தெருவுக்கு வந்தது. வரலாற்றாசிரியர் கஃபி கானின் நூல் அந்த இரவைச் சொல்கிறது. வண்டியும் மாடும் கிடைக்காத பெரிய குடும்பத்துப் பெண்கள், முகத்திரை கூட இல்லாமல், குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொண்டு கோட்டையை நோக்கி நடந்தார்கள். மொகலாயப் படை வருமுன்பே ஊர்ப் போக்கிரிகள் சூறையைத் தொடங்கிவிட்டார்கள். படை வந்த பிறகு அது முழு வேகம் பிடித்தது. வணிகர்களின் கிடங்குகளிலிருந்த துணியும் பீங்கானும், பிரபுக்களின் வீட்டுப் பொருள்களும் போயின. அரண்மனையில் விரித்திருந்த கம்பளங்கள் தூக்க முடியாத கனம். வாளாலும் குத்துவாளாலும் துண்டு துண்டாக வெட்டி, ஆளுக்கொரு துண்டாக எடுத்துப்போனார்கள். பெண்களும் குழந்தைகளும் பிடித்துச் செல்லப்பட்டார்கள். ஷா ஆலம் சூறையை நிறுத்தக் காவல் அதிகாரிகளை நியமித்தார். சில பேரைத் தண்டித்தார். பெரிதாக ஒன்றும் அடங்கவில்லை.

இந்த நகரத்தை உண்மையில் கொன்றது 1685 அக்டோபரின் அந்த நாட்கள்தாம். 1687 முற்றுகையே எல்லா நூல்களிலும் பக்கங்களை நிரப்பியிருக்கிறது. நாயகர்களும் துரோகிகளும் அதில்தான் இருக்கிறார்கள். ஆனால் கோட்டைக்குள் இருந்தவர்களின் எட்டு மாதத் துன்பத்தைவிட, வெளியே நின்ற நகரத்தின் சில நாட்களில் அழிந்த வாழ்வு அதிகம்.

அபுல் ஹசன் சமாதானம் கேட்டார். பழைய பாக்கிக்கெல்லாம் சேர்த்து 1 கோடியே 20 லட்சம் ரூபாய். ஆண்டுதோறும் 2 லட்சம் வராகன். மால்கேட், சேடம் பகுதிகளை விட்டுக்கொடுப்பது. மாதண்ணாவையும் அக்கண்ணாவையும் பதவியிலிருந்து நீக்குவது. கடைசி நிபந்தனையை அபுல் ஹசன் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். முறிந்தது உள்ளிருந்துதான். எல்லாத் துன்பத்துக்கும் இந்த இரண்டு பேர்தான் காரணம் என்று அந்தப்புரத்து முதிய ராணிகளும் அதிருப்தியில் இருந்த பிரபுக்களும் முடிவு கட்டினார்கள். 1686 மார்ச்சில் ஓர் இரவு, அரசரைப் பார்த்துவிட்டு வீடு திரும்பும் வழியில், கோல்கொண்டாத் தெருவில் சகோதரர்கள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அவர்களுடைய வீடுகளும் கோட்டைக்குள் இருந்த பிராமணர் குடியிருப்பும் தாக்கப்பட்டன. மாதண்ணாவின் தலை மொகலாயப் பாசறைக்கு அனுப்பப்பட்டது. அதற்குக் கிடைத்த விலை சில மாத அவகாசம். ஐதராபாத் பழைய நகரத்தில் இன்றும் அக்கண்ணா மாதண்ணா பெயரில் மகாங்காளி கோயில் இருக்கிறது. போனாலு திருவிழாவில் அங்கிருந்து யானைமேல் கடம் ஊர்வலம் போகிறது.

பீஜப்பூர் 1686 செப்டம்பர் 12 அன்று விழுந்தது. ஔரங்கசீப் குல்பர்காவில் கேசு தராஸ் தர்காவை வணங்கிவிட்டு 1687 ஜனவரி இறுதியில் கோல்கொண்டாவுக்கு வந்தார். முஸ்லிம் அரசர் மேல் முஸ்லிம் அரசர் படையெடுப்பது முறையா என்ற கேள்வி அவர் சபையிலேயே எழுந்தது. முன்பே தலைமைக் காஜி ஷேக்-உல்-இஸ்லாம் இதற்கு உடன்படாமல் பதவியை விட்டிருந்தார். இப்போது புதிய காஜி அப்துல்லாவும் அபுல் ஹசனின் பணிவை ஏற்கலாமே என்று சொல்லிப்பார்த்தார்; அவர் பாசறையை விட்டு அனுப்பப்பட்டார். பிப்ரவரி 7 அன்று முறையான முற்றுகை தொடங்கியது.

தொடக்கமே சரியில்லை. ஔரங்கசீப்பின் மூத்த தளபதி கிலிச் கான் மதிலை நோக்கிப் பாய்ந்தபோது ஜம்பூரக் என்ற சிறு பீரங்கியின் குண்டு தோளை உடைத்தது. வைத்தியர்கள் எலும்புச் சிதறல்களைப் பொறுக்கி எடுத்துக்கொண்டிருக்க, அவர் மறு கையால் காப்பி குடித்தபடி பேசிக்கொண்டிருந்தார் என்கின்றன நூல்கள். சில நாளில் இறந்தார். கிஸ்மத்பூரில் அவர் கல்லறை இருக்கிறது. அவருடைய பேரன் பெயர் இந்தப் பகுதியின் முடிவில் வரும். அடுத்த அடி ஔரங்கசீப்பின் வீட்டுக்குள்ளேயே விழுந்தது. ஷா ஆலம் அபுல் ஹசனோடு ரகசியமாகக் கடிதம் எழுதிக்கொள்வது தெரிந்து, பிப்ரவரி 21 அன்று அவரும் அவருடைய மகன்களும் காவலில் வைக்கப்பட்டார்கள். ஏழு ஆண்டு அந்தக் காவல் நீடித்தது.

அகழியைத் தூர்த்தால்தான் மதிலை நெருங்கலாம். பருத்திப் பைகளில் மண் நிரப்பி அகழியில் போடுவதென முடிவானது. ஔரங்கசீப் உளு (தொழுகைக்கு முன் செய்யும் தூய்மை) செய்து, முதல் பையைத் தம் கையாலேயே தைத்தார். எழுபது வயதை நெருங்கிய பேரரசர் ஊசி நூலோடு உட்கார்ந்திருக்கும் இந்தக் காட்சி, அவரைப் பற்றிய பல நூறு பக்கங்களைவிட அதிகம் சொல்கிறது. தொப்பி தைத்தும் குர்ஆனைப் படியெடுத்தும் பழகிய அதே கை.

மே மாதத்தில் ஓர் இரவு மொகலாயத் தளபதி பிரோஸ் ஜங் தலைமையில் ஏணி வைத்து மதில் ஏறினார்கள். இரண்டு பேர் உச்சிக்குப் போய்விட்டார்கள். அங்கே சுற்றிக்கொண்டிருந்த ஒரு தெருநாய் குரைத்தது. காவலர்கள் விழித்துக்கொண்டு ஏணிகளைத் தள்ளிவிட்டார்கள். அபுல் ஹசன் அந்த நாய்க்குத் தங்கச் சங்கிலி போட்டுத் தம் பக்கத்தில் வைத்துக்கொண்டதாகவும், மூன்று படிப் பிரபு என்று பட்டம் கொடுத்ததாகவும் கதை. பட்டங்களை அள்ளி வீசும் மொகலாயருக்குக் கேலியாகச் செய்ததாக இருக்க வேண்டும்.

ஜூனில் சுரங்கம். மதிலுக்கு அடியில் குடைந்து வெடிமருந்து வைத்தார்கள் மொகலாயர்கள். உள்ளே இருந்தவர்கள் எதிர்ச்சுரங்கம் தோண்டி, மருந்தில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு மீதியில் தண்ணீர் ஊற்றினார்கள். திரி வைத்ததும் வெடிப்பு வெளிப்பக்கமாகத் திரும்பியது. மதிலுக்கு வெளியே தாக்கத் தயாராக நின்ற மொகலாயர்களில் 1,100 பேர் இறந்தார்கள். அதோடு மழை கொட்டியது. அகழிக்கு எதிரே கட்டியிருந்த மண்மேடுகள் கரைந்தன. பீரங்கிகள் சேற்றில் புதைந்தன. உள்ளிருந்து பாய்ந்து வந்தவர்கள் மொகலாயப் பீரங்கிப்படை அதிகாரி கைரத் கானையே பிடித்துக்கொண்டு போனார்கள்.

முந்தைய ஆண்டு மழை பொய்த்திருந்ததால் ஐதராபாத் வட்டாரத்தில் கடும் பஞ்சம். வெளியே இருந்த பேரரசின் படை பட்டினி கிடந்தது. உள்ளே இருந்தவர்களிடம் தானியம் இருந்தது. பஞ்சத்தோடு கொள்ளைநோயும் சேர்ந்தது. ஏற்கெனவே சூறையாடப்பட்ட நகரத்தில் எஞ்சியிருந்தவர்கள் வீடுகளிலும் தெருக்களிலும் செத்தார்கள். இங்கேயும் கணக்கு அதேதான்: முற்றுகை கோட்டைக்கு, சாவு நகரத்துக்கு.

நேரடித் தாக்குதல் பலிக்காதபோது ஔரங்கசீப் மரத்தாலும் மண்ணாலும் கோட்டையைச் சுற்றி இன்னொரு மதில் கட்டச் சொன்னார். உள்ளே எதுவும் போகக் கூடாது, வெளியே யாரும் வரக் கூடாது. முற்றுகையின் மிகப் பழைய உத்தி இது. கிரேக்கத்தின் பிளாட்டீயா என்ற சிற்றூரை கி.மு. 429இல் ஸ்பார்ட்டாவின் கூட்டணி இப்படித்தான் சுவர் வளைத்து அடைத்தது. குளிர்கால இரவொன்றில் 212 பேர் ஏணி வைத்து அந்தச் சுவரைத் தாண்டித் தப்பினார்கள், மற்றவர்கள் கி.மு. 427இல் பசியால் சரணடைந்தார்கள். ஆண்களைக் கொன்று, பெண்களை அடிமைகளாக்கி, பிறகு ஊரைத் தரைமட்டமாக்கினார்கள். அந்தப் போரே இரவில் ஊர்க்காரர் ஒருவர் எதிரிக்குக் கதவைத் திறந்துவிட்டதில்தான் தொடங்கியது. கோல்கொண்டாவில் கதவு கடைசியில் திறந்தது.

விலை பேசுவது முன்பே தொடங்கிவிட்டது. ஜூலையில் ஔரங்கசீப் கோல்கொண்டா அரசு தம் பேரரசோடு சேர்ந்துவிட்டதாக அறிவித்து, அதிகாரிகளையும் நியமித்தார். உள்ளே இருந்த தளபதிகளுக்கு ஓலைகள் பறந்தன. பலர் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். மிஞ்சியவர்களில் முக்கியமானவர் இருவர்: அப்துர் ரசாக் லாரி, அப்துல்லா கான் பானி. லாரிக்கு வந்த ஓலை ஆறாயிரம் பேருக்குத் தலைமை தருவதாகச் சொன்னது. அவர் அதைக் கொத்தளத்தின்மேல் தம் ஆட்கள் பார்க்கக் கிழித்துப்போட்டு, கர்பலாவில் போரிட்டவர்களைப் போலச் சாகும்வரை போரிடப்போவதாகச் சொல்லியனுப்பினார். பானி ஓலையைக் கிழிக்கவில்லை.

1687 செப்டம்பர் 21, விடியற்காலை மூன்று மணி. பானியின் பொறுப்பில் இருந்த திட்டிவாசல் திறந்து கிடந்தது. மொகலாயத் தளபதி ருஹுல்லா கானின் ஆட்கள் சத்தமில்லாமல் நுழைந்து பெரிய கதவைத் திறந்தார்கள். 87 கொத்தளமும் பீரங்கியும் எதிர்ச்சுரங்கமும் ஒரு சிறிய கதவின் தாழ்ப்பாளுக்கு முன்னால் பயனற்றுப்போயின. கோட்டை விடுவது என்று பேச்சுவழக்கில் சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான நாள் கிடைக்காது. சேணம் கட்டக் கூட நேரமில்லாமல் லாரி வெறும் குதிரையில் ஏறி, பன்னிரண்டு பேரோடு உள்ளே வந்த கூட்டத்தின்மேல் பாய்ந்தார். கண்ணருகே தோல் கிழிந்து தொங்க, குதிரை அவரைக் கோட்டைக்குள் ஒரு தென்னை மரத்தடியில் கொண்டுபோய்ப் போட்டது. எழுபது காயங்கள். ஔரங்கசீப் அவருக்கு வைத்தியர்களை அனுப்பினார். பிழைத்துக்கொண்டார், பின்னால் மொகலாயச் சேவையிலும் சேர்ந்தார். இந்தக் கடைசி வரியைத்தான் வீரக்கதை சொல்கிறவர்கள் விட்டுவிடுவார்கள்.

அபுல் ஹசன் கூக்குரல் கேட்டு எழுந்து, அழும் பெண்களுக்கு ஆறுதல் சொல்லிவிட்டு, சபைக்கு வந்து உட்கார்ந்தார். ருஹுல்லா கான் வந்தபோது வழக்கமான நேரத்தில் காலைச் சாப்பாடு கொண்டுவரச் சொன்னார். இந்த நேரத்தில் எப்படிச் சாப்பிட முடிகிறது என்று வந்தவர்கள் வியந்தார்கள். ஏழ்மையும் செல்வமும் இறைவன் கொடுப்பவை, இரண்டையும் பார்த்தாகிவிட்டது என்ற பொருளில் அவர் பதில் சொன்னார். பிறகு முத்துமாலையை அணிந்து, குதிரையேறி இளவரசர் ஆஸமின் கூடாரத்துக்குப் போனார். தௌலதாபாத் கோட்டையில் ஆண்டுக்கு 50,000 ரூபாய் படியோடு சிறை. சுமார் 12 ஆண்டு அங்கேயே இருந்து இறந்தார். அவருடைய முன்னோர் கோல்கொண்டாவின் அடிவாரத்தில் குவிமாடக் கல்லறைகளில் கிடக்க, அவர் மட்டும் குல்தாபாத்தில் புதைக்கப்பட்டார். 1707இல் ஔரங்கசீப்பும் அதே குல்தாபாத்துக்கு வந்து சேர்ந்தார்.

கோட்டையில் கிடைத்த ரொக்கம் ஏறக்குறைய 7 கோடி ரூபாய். நகை, பொன், வெள்ளிப் பாத்திரங்கள் தனி. மொகலாயப் படை நுழைந்த கிழக்கு வாசலுக்கு ஃபதே தர்வாசா, வெற்றி வாசல், என்று பெயர் வந்தது. பாசறை இருந்த வெளி ஃபதே மைதானமாயிற்று; இன்று அங்கே லால் பகதூர் விளையாட்டரங்கம். ஐதராபாத்தையே தாருல் ஜிகாத் என்று பெயர் மாற்றினார்கள். பெயர் காகிதத்தோடு நின்றுவிட்டது. முகம்மது குதுப் ஷா தொடங்கிப் பாதியில் நின்றிருந்த மக்கா மசூதியை 1690களில் ஔரங்கசீப்பின் அதிகாரிகள் முடித்துவைத்தார்கள்.

அரசவை போனதும் அதை நம்பியிருந்த கைவினைஞர்களும் கவிஞர்களும் சிதறினார்கள். தலைநகரம் ஒரு சுபாவின், அதாவது மொகலாய மாகாணத்தின், தலைமையிடமாகச் சுருங்கியது. ஆட்சி நாட்டுப்புறத்தில் எவ்வளவு மெலிந்திருந்தது என்பதற்குச் சர்வாயி பாபண்ணா சாட்சி. கள்ளிறக்கும் குடும்பத்தில் பிறந்த அவர் தெலங்கானாவில் ஆள் சேர்த்து 1708இல் வாரங்கல் கோட்டையையே கொள்ளையடித்தார். 1710இல்தான் பிடித்துக் கொன்றார்கள். 1709 ஜனவரியில் ஔரங்கசீப்பின் மகன்களே ஐதராபாத்தின் வெளியே அரசுரிமைக்காக மோதினார்கள். கடைசி மகன் காம் பக்ஷ் அங்கே படுகாயமுற்று இறந்தார். வென்றவர் பழைய ஷா ஆலம், இப்போது பகதூர் ஷா.

தமிழ்நாட்டிலும் இதன் அதிர்வு கேட்டது. சென்னையில் 1687 ஜூலையில் ஆளுநராகியிருந்த எலிஹு யேல், குத்தகைப் பணத்தை இனி மொகலாயருக்குக் கட்டப் பழகிக்கொண்டார். மொகலாயப் படை தெற்கே வருகிறது என்ற அச்சத்தில் காஞ்சிபுரத்துக் கோயில் மூர்த்திகள் உடையார்பாளையத்துக்குக் கொண்டுபோய் ஒளிக்கப்பட்டன. வரதராஜர் 1710இல்தான் திரும்பி வந்தார். திருப்பி அழைத்துவர உதவியவர் தோடர்மால் என்ற மொகலாய அதிகாரி என்பதைக் கோயில் கல்வெட்டு சொல்கிறது. அதற்கு நடுவில் செஞ்சியை மொகலாயர் எட்டு ஆண்டு வளைத்துக் கிடந்த கதை அடுத்த பகுதியில்.

ஐதராபாத்துக்கு மதில் கட்டும் வேலையைத் தொடங்கியவர் மொகலாயரின் கடைசி ஆளுநர் முபாரிஸ் கான். 1724இல் ஷகர்கேடா போரில் அவரைக் கொன்று தக்காணத்தைத் தனதாக்கிக்கொண்டவர் நிஜாம்-உல்-முல்க் ஆசஃப் ஜா. கோல்கொண்டா மதிலடியில் தோள் உடைந்து இறந்த கிலிச் கானின் பேரன். தாம் கொன்றவரின் பாதி மதிலை அவரே 1740இல் முடித்தார். சுமார் 6 மைல் சுற்று. வாசல்கள் ஒரு டஜனுக்கு மேல். அந்த மதிலைத் தாண்டிச் சூறையாட எந்தப் படையும் வரவில்லை. 1908இல் மூசி வெள்ளம் அதில் ஒரு பகுதியை அடித்துக்கொண்டு போயிற்று. மீதியைப் பிற்காலத்தில் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று நகராட்சி இடித்தது. இன்று எஞ்சியிருப்பவை தபீர்புரா தர்வாசாவும் புராணா புல் தர்வாசாவும்.